பின்சீட்டு மிருதுளா

மிருதுளா எங்க ஊருக்கு வந்தது ஒரு பழைய ஜெர்மன் காரோட பின்சீட்டுல. வந்த அன்னிக்கே அவளுக்கு நாலு வயசு இருக்கும், செவப்பு கவுனு, நெத்தியில ஒட்டுன சுருட்டை முடி, சிரிச்சா ஒரு பக்கம் மட்டும் குழி விழும். கரட்டுப்பாளையத்துல அவளைப் பாக்காத ஆளே கிடையாது, பால்காரன் பாத்தான், போஸ்ட்மேன் பாத்தான், கண்ணுல பொரை விழுந்து பஸ்ஸு நம்பரே தெரியாத பெருமாயிகூட "அந்தச் செவப்புக் கவுனு புள்ள"ன்னு அடையாளம் சொன்னா. பாக்காதவங்க ரெண்டே பேருதான், அந்தக் காரை வாங்குன நாச்சிமுத்துவும் அவன் பொண்டாட்டி வசந்தாமணியும். அதெப்படின்னு என்கிட்ட கேக்காதீங்க. நான் மெயின்ரோட்டுல பேக்கரி வெச்சிருக்கறவ, பேரு சொர்ணம், எனக்குத் தெரிஞ்சது டீயும் தேங்கா பன்னும். பாத்ததைச் சொல்றேன், பாக்காததை இட்டுக்கட்டிச் சொல்ற வேலையெல்லாம் எனக்கு ஆகாது.

நாச்சிமுத்து போர்வெல் லாரிக்காரன். எங்க பக்கத்துல பாதி ஆம்பளைங்க பொழப்பு அதுதான், லாரிய ஒடிசாவுக்கும் சத்தீஸ்கருக்கும் அனுப்பிட்டு, என் கடை பெஞ்சுல உக்காந்து போன்லயே "தண்ணி வந்துச்சா, பாறை வந்துச்சா"ன்னு கேட்டுக்கிட்டு இருப்பாங்க. கையில காசு பொரளும்போது மொதல்ல வீடு கட்டுவாங்க, அப்பறம் பெரிய காரு வாங்குவாங்க, வாங்குன கையோட பின்கண்ணாடியில புள்ளைங்க பேரை வெள்ளி எழுத்துல பட்டாம்பூச்சி படம் போட்டு ஒட்டுவாங்க. கல்யாண மண்டபத்து வாசல்ல வரிசையா நிக்கற காருங்களைப் பாத்தீங்கன்னா எந்தக் கவுண்டருக்கு எத்தனை புள்ளைங்க, பொண்ணெத்தனை பையனெத்தனைன்னு பின்னால இருந்தே படிச்சுரலாம். நாச்சிமுத்து காரோட பின்கண்ணாடி மட்டும் வெறுங்கண்ணாடியா இருக்கும்.

அப்ப அவன் வெச்சிருந்தது ஏழு சீட்டு வண்டி. ஒரு முகூர்த்தத்துல எவனோ ஒரு ஒறம்பரைக்காரன், தூரத்துச் சொந்தம், வாயிருக்கறதே இதுக்குத்தான்ற மாதிரி, "ரெண்டு பேருக்கு எதுக்கு மாப்ள ஏழு சீட்டு, மிச்ச சீட்டுக்கு டிக்கெட் போட்டு பஸ்ஸா ஓட்டலாமே"ன்னு கேட்டானாம். நாச்சிமுத்து சிரிச்சானாம், வசந்தாமணியும் சிரிச்சாளாம். திரும்பி வர்றப்ப என் கடை முன்னால வண்டி நின்னுச்சு, அவன் மட்டும் எறங்குனான், அவ எறங்கல. நான் டீயைக் கொண்டுபோய் ஜன்னல்ல நீட்டுனா, வாங்கிக் கையில வெச்சுக்கிட்டு ஆடை கட்டற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தா. நான் அவனைக் கூப்புட்டு, "என்னடா பண்ணித் தொலைச்ச"ன்னு திட்டுனேன். அவன் அந்தக் கதையைச் சொல்லிட்டு, "ரெண்டு பேருக்குன்னே செஞ்ச வண்டி ஏதாச்சும் இருக்குமாக்கா"ன்னு கேட்டான்.

புரோக்கர் துரைசாமி இருக்கானே, எமன்கிட்டயே எருமையை வித்துட்டு வர்றவன், அவன் காதுல இது விழுந்துச்சு. "அந்த ஜெர்மன் கம்பெனியிலயே கடைக்குட்டி வண்டி ஒண்ணு இருக்குதுங்ணா, தாழ்வா, பாம்பு மாதிரி ரோட்டோட ஒட்டிப் போகும், முன்னால ரெண்டு பேரு ராஜா ராணி மாதிரி உக்காரலாம், பின்னால சீட்டுன்னு பேருக்கு ஒண்ணு, பெரிய ஆளு காலை மடக்கித்தான் உக்காரணும். புதுசு வாங்கறவன் கிறுக்கன், பழசு வாங்கறவன்தான் பொழைக்கத் தெரிஞ்சவன்"னு ஏத்திவிட்டான். நாச்சிமுத்துவும் சும்மா ஏமாறுற ஆளில்ல. கோயமுத்தூருக்கு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போயி, காலடி மேட்டைத் தூக்கி வெள்ளத்துல முங்குன சேறு இருக்கான்னு பாத்து, நெட்டு போல்ட்டுல பெயிண்டு உரிஞ்சிருக்கான்னு பாத்து, லேப்டாப்பைச் சொருகி மீட்டரைத் திருப்பி வெச்சிருக்கானான்னு பாத்து, ஒண்ணும் கொறை சொல்ல முடியலையாம். ஓட்டிப் பாக்கறப்ப ஒரு பட்டனைத் தட்டுனதும் காரு நெஞ்சுக்குள்ள இருந்து உறுமுச்சாம். வித்தவர் ஒரு பல் டாக்டர். பின்கண்ணாடியில 'மிருதுளா'ன்னு இருந்ததைப் பாத்துட்டு, "பாப்பா பேருங்களா?"ன்னு இவன் கேட்டதுக்கு, "இல்லைங்க, எனக்கு ரெண்டும் பசங்க. அது போன ஓனர் ஒட்டுனதோ அதுக்கும் முந்தின ஓனர் ஒட்டுனதோ, யாரு கண்டா"ன்னாராம். வெலை படிஞ்சுது, வண்டி வந்துச்சு.

வந்ததும் நாச்சிமுத்து சோப்புத் தண்ணியும் பிளேடும் எடுத்துக்கிட்டு பின்கண்ணாடிக்குப் போனான். வசந்தாமணி அவன் மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டா. "வேண்டாங்க மாமா. யாரு பெத்த புள்ளையோ. பேரை பிளேடு வெச்சுச் சுரண்டறது நல்லதில்ல, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்"னா. எங்க ஊருல இது புதுசில்ல, புள்ளை பேரு போட்ட காதுகுத்துப் பத்திரிகையைக்கூட நாங்க குப்பையில போட மாட்டோம், சாமி படத்துக்குப் பின்னால சொருகி வெப்போம். அவனும் பிளேடை ஜோப்புல போட்டுக்கிட்டான்.

மறுநா கரட்டு முருகன் கோயில் அடிவாரத்துல வண்டிக்குப் பூசை. மாலை போட்டு, சந்தனம் வெச்சு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கிட்டு, யாரையும் கேக்காம, காரைச் சுத்தி வந்து பின்கண்ணாடியைப் பாத்து, "மிருதுளா நாமதேயஸ்ய"ன்னு ஆரம்பிச்சுட்டாரு. அவரு மேல தப்புமில்ல, ஊருல எல்லாக் காரும் புள்ளைங்க பேருக்குத்தான் அர்ச்சனை ஆகுது, கண்ணாடியைப் படிச்சுப் படிச்சே அவருக்குப் பழகிப்போச்சு. பாதியில நிறுத்தி, "கொழந்தைக்கு என்ன நட்சத்திரம்?"னு கேட்டாரு. நாச்சிமுத்து வாயைத் தொறக்கறதுக்குள்ள வசந்தாமணி கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டே, "ரேவதிங்க"ன்னா. அவன் திரும்பிப் பாத்தானாம், அவ கண்ணைத் தொறக்கவே இல்லையாம். அப்பறம் வண்டிய எடுத்தான். மூணு எலுமிச்சம்பழம் நசுங்குச்சு, பின்சக்கரத்துக்கு வெச்ச ஒண்ணு நசுங்காம முழுசா உருண்டு போயி சாக்கடையில விழுந்துச்சு. "விடுங்கோ, விடுங்கோ"ன்னுட்டு குருக்கள் விபூதியைக் குடுத்து அனுப்பிட்டாரு.

நேரா என் கடைக்குத்தான் வந்தாங்க. நான் டீ ரெண்டை எடுத்துட்டுப் போனேன், போனா பின்சீட்டுல ஒரு புள்ளை முட்டியைக் கட்டிக்கிட்டு உக்காந்துக்கிட்டு என்னைப் பாத்துச்சு. நான் திரும்பிவந்து ஒரு ஹனி கேக்கை எடுத்துட்டுப் போயி பின்பக்கமா நீட்டுனேன், வாங்கிக்கிட்டா. "இதாரு அம்மிணி, ஒறம்பரைப் புள்ளையா?"ன்னு கேட்டேன். வசந்தாமணிக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. "நீங்களுமாக்கா?"ன்னா. நாச்சிமுத்து டீயைக் கீழ ஊத்திட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், புள்ளைக்குக் கேக்கு குடுத்ததுக்கு எவனாச்சும் இப்படிப் பண்ணுவானா? சாயங்காலம் அவனே வந்தான், உள்ளங்கையில கேக்குத் தூளு வெச்சிருந்தான், பின்சீட்டுல கெடந்துச்சுன்னான்.

அப்பறம் ஊரே பாத்துச்சு. செக்போஸ்ட்டுல போலீஸ்காரர் நிறுத்தி, "புள்ளையைச் சீட்டு மேல நிக்க வெச்சுக்கிட்டு இந்த வேகத்துல போறீங்களே, நீங்கெல்லாம் மனுசங்களா?"ன்னு சத்தம் போட்டாரு. சொட்டு மருந்து போடற நர்ஸம்மா காரை மறிச்சு, கண்ணாடியை எறக்கச் சொல்லி, பின்னால எட்டி ரெண்டு சொட்டு விட்டு, சுண்டுவெரல்ல மையும் வெச்சுட்டு, "அடுத்த தடவை பூத்துக்கே தூக்கிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. பால்வாடி டீச்சர் எடை போடறதுக்கு வந்தா, கையை நீட்டி வாவான்னு கூப்புட்டா, புள்ளை வரல. அது எறங்கவே எறங்காது, பேசவும் பேசாது, வாயை அசைக்கும், சத்தம் வராது. "சில புள்ளைங்க அப்படித்தான், எங்க அக்கா மகன் தண்ணித் தொட்டிய விட்டு எறங்க மாட்டான்"னு டீச்சர் அதையும் ஒரு கணக்குல சேத்துக்கிட்டா. ஒருத்தருகூட பேயின்னு சொல்லல, பிசாசுன்னு சொல்லல. பேருன்னு ஒண்ணு இருக்கு, நட்சத்திரம் இருக்கு, சொட்டு மருந்தும் போட்டாச்சு, அதுக்கு மேல ஒரு புள்ளைக்கு என்ன வேணும்?

பாக்கத் தெரியாத ரெண்டு பேருதான் பாவம். நாச்சிமுத்து மொதல்ல எல்லாத்தோடயும் சண்டை போட்டான், அப்பறம் பேச்சைக் கொறைச்சுக்கிட்டான். வசந்தாமணி வேற மாதிரி. அவ ஒருநா தனியா நடந்து வந்து, கடை ஓரமா நின்னுக்கிட்டு, "அக்கா, அவ எப்படியிருப்பா?"ன்னு கேட்டா. நான் சொன்னேன். கலரு கேட்டா, முடி கேட்டா, கன்னத்துக் குழி எந்தப் பக்கம்னு கேட்டா. "என்னைப் பாக்கறாளா?"ன்னு கேட்டா. பாக்கறா அம்மிணி, உன்னையேதான் பாக்கறான்னேன். அன்னில இருந்து யாரு எதுத்தாப்புல வந்தாலும், "இன்னிக்கு எப்படி இருக்கா?"ன்னு கேக்கறதே அவளுக்கு வேலையாப் போச்சு, ஜனமும் நின்னு நிதானமா சொல்லிட்டுப் போகும், தூங்கறா, கண்ணாடியில மூச்சு விட்டுக் கோலம் போடறா, உன் முந்தானையைப் புடிச்சுக்கிட்டிருக்கான்னு.

காது குத்துனாங்க பாருங்க, அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். மாகாளியம்மன் கோயில் முன்னால காரை நிறுத்தி, வசந்தாமணியோட அண்ணன் பொன்னுசாமி, ஆறடி ஆளு, தாய்மாமன்ற மொறைக்குப் பின்சீட்டுல காலை மடக்கித் திணிஞ்சு உக்காந்துக்கிட்டான், ஆசாரி கதவு வழியா தலையை உள்ளே விட்டுக்கிட்டாரு. நாங்கெல்லாம் பாத்தோம், புள்ளை மாமன் மடியில உக்காந்து அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கிட்டு இருந்தா, ஊசி எறங்குனதும் மூஞ்சியைச் சுளிச்சா. வசந்தாமணி வெளியில நின்னு வெறும் மடியைப் பாத்துக்கிட்டிருந்தா. ஆசாரி கையில இருந்த கம்மல் காத்துல பாதியில காணாமப் போனதுதான் அவளுக்குத் தெரிஞ்சுது. எறங்கி வந்த பொன்னுசாமி, "தொடையெல்லாம் சூடா இருக்குது அம்மிணி, நெசமான புள்ள அம்மிணி"ன்னு தங்கச்சியைக் கட்டிக்கிட்டு அழுதான். அன்னிக்கு ஊரே சாப்புட்டுச்சு. அதுக்கப்பறம் அவளை யாரும் வசந்தாமணின்னு கூப்புடல, 'மிருதுளா அம்மா'தான். சீருத் தட்டு எடுக்கக் கூப்புட்டாங்க, வளைகாப்புக்கு மொத வளையல் போடக் கூப்புட்டாங்க. எத்தனை வருசமா அவளைப் பாத்தா ஒதுங்கிப் போன பொம்பளைங்க! அவ பட்ட சந்தோசத்தைப் பாத்தா எனக்கே வயிறு நெறைஞ்சுது, ஆனா பயமாவும் இருந்துச்சு.

மாகாளியம்மன் கோயில் திருவிழாவுக்கு நோம்பி சாட்டுனப்பறம்தான் அது ஆரம்பிச்சுது. மொதல்ல கவுனு வெளுத்துச்சு. செவப்பு ரோஸாச்சு, ரோஸும் போயி அரிசி கழுவுன தண்ணி மாதிரி ஆச்சு. அப்பறம் புள்ளை மெலிஞ்சா. ஹனி கேக்கை நீட்டுனா வாங்கிக்குவா, ஆனா தூக்கறதுக்குத் தெம்பில்லாம மடியிலயே வெச்சிருப்பா. ஒருநா வெய்யில்ல கார் நின்னுச்சு, எட்டிப் பாக்கறேன், அவ நெஞ்சு வழியா சீட்டோட தையல் தெரியுது. நான் கையில இருந்த டம்ளரைப் போட்டுட்டேன். அதை நான் ஒருத்திகிட்டயும் சொல்லல, சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல, ஊருக்கே கண்ணு இருக்கே.

ஊருன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். தூக்கி வெச்ச கையாலயே தள்ளும். "இன்னிக்கு எப்படி இருக்கா?"ன்னு அவ கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனாங்க. "புள்ளையைக் காஞ்சு போக விட்டுட்டா"ன்னாங்க. "அது போச்சுன்னா அந்தப் பழி அவ வீட்டோட நிக்குமா, ஊரையே சுத்தும்"னாங்க. யாரு வாயில இருந்து மொதல்ல வந்துச்சோ தெரியல, ஒரு வாரத்துல எல்லார் வாயிலயும் அதேதான்: பெத்த தாய் கண்ணு பட்டாத்தான் புள்ளை வளரும், பெறாத கண்ணுக்குப் புள்ளை தெரியாது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "நானுந்தான் பெறாதவ, எனக்குத் தெரியுதே, என் கண்ணு என்ன கண்ணாடிக் கண்ணா?"ன்னு கேட்டேன். "நீ கட்டிக்காதவ, உன் கணக்கு வேற"ன்னு வாயை அடைச்சுட்டாங்க. பெறாதவளைப் பேசறதுக்குன்னா ஜனத்துக்கு நியாயம் எங்கிருந்துதான் வருமோ.

வசந்தாமணி காதுக்கும் அது போச்சு. அவ வீட்டுக்குள்ள இருக்கறதையே விட்டுட்டா. காரைக் கடைக்கு எதுத்தாப்புல புளியமர நெழல்ல நிறுத்தச் சொல்லி, பின்சீட்டுல காலை மடக்கி உக்காந்துக்கிட்டு, பக்கத்துல இருக்கற காலி எடத்தைப் பாத்துப் பேசுவா, பாடுவா, பருப்புஞ்சோத்தை உருட்டி உருட்டி நீட்டுவா. வெளிய இருந்து பாத்த எங்களுக்குத்தான் தெரியும், புள்ளை அந்தக் காலி எடத்துல இல்ல, அவ மடியிலதான் ஏறி உக்காந்திருந்தா, ரெண்டு கையாலயும் அவ தாடையைப் புடிச்சுத் தன் பக்கம் திருப்பப் பாத்துக்கிட்டிருந்தா. "அம்மிணி, மடியில பாரு"ன்னு கத்துனேன். அவ குனிஞ்சு பாத்தா. சீலைதான் தெரியுதுக்கான்னா.

அன்னிக்கே அவ முடிவெடுத்துட்டா. என் கடை பெஞ்சுல வெச்சுத்தான் சொன்னா: "வித்துருங்க மாமா. என் கண்ணுதான் ஆகாத கண்ணு. புள்ளை பெத்த வீடாப் பாத்துக் குடுத்துருங்க, பாக்கற கண்ணு இருந்தா தேறிக்குவா. கண்ணு முன்னாலயே அது கரைஞ்சு போறதை, அதையும் பாக்க முடியாம, என்னால இருக்க முடியாது." நாச்சிமுத்து எந்திரிச்சான். கடையை விட்டு எறங்கி, ரோட்டோரமா குத்தவெச்சு உக்காந்து, போற வர்ற லாரியெல்லாம் பாத்துக்கிட்டே அழுதான்.

துரைசாமி கரூர்ல இருந்து ஆளைக் கூட்டிட்டு வந்தான். யுவராஜ்னு பேரு, கொசுவலை நெய்யறவங்க, பொண்டாட்டி தேன்மொழி, ரெண்டு பசங்களைப் பெத்தவ, நல்ல மொகலட்சணம். வேகாத வெய்யிலு, ஊரு பூரா என் கடை முன்னால கூடியிருந்துச்சு. யுவராஜ் பானெட்டைத் தொறந்து பாத்தான், டயரைத் தட்டுனான், பட்டனை அமுக்கி உறும வெச்சு ரசிச்சான். நாங்க யாரும் அவனைப் பாக்கல, தேன்மொழியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம். அவ பின்கதவுகிட்டப் போனா, கையைக் கண்ணுக்கு மறைப்பாக் குடுத்துக்கிட்டுக் கண்ணாடி வழியா எட்டிப் பாத்தா, "அய்யோ, பாப்பா தூங்குதுங்களா? அழகா இருக்கா, ஏனுங்க இப்படி மெலிஞ்சுட்டா?"ன்னு கேட்டா.

ஊரே மூச்சு விட்டுச்சு. "பாத்தியா, பெத்த கண்ணு!"ன்னு பின்னால ஒருத்தி சொன்னா. வசந்தாமணி தேன்மொழியோட ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா. "தெரியுதுங்களா? நெசமாத் தெரியுதுங்களா?"ன்னு கேட்டுக் கேட்டு, "அவ வண்டியோடதான் வருவாங்க. எறங்க மாட்டா. ஒரு தொந்தரவும் பண்ண மாட்டா. அடிக்கடி பாத்துக்கிட்டா மட்டும் போதும்"னா. தேன்மொழி புருசனைப் பாத்தா, அவன் துரைசாமியைப் பாத்தான், துரைசாமி எல்லாக் காருலயும் இருக்கறதுதான்ற மாதிரி, "வண்டியோட சேந்ததுங்ணா"ன்னான். தேன்மொழி இன்னொரு தடவை கண்ணாடி வழியா பாத்துட்டு, "ரெண்டோட மூணா இருந்துட்டுப் போவுது, எனக்கும் பொட்டப்புள்ள இல்லீங்க, நான் பாத்துக்கறேன்"னு சொன்னா. தங்கமான பொம்பளை. அவ மேல எனக்கு இன்னிக்கும் ஒரு வருத்தமும் கிடையாது.

பானெட் மேல பேப்பரை வெச்சுக் கையெழுத்துப் போட்டாங்க. வசந்தாமணி வீட்டுல இருந்து தட்டு கொண்டுவந்திருந்தா, வெத்தலை, பாக்கு, மஞ்சள், பூவு, நடுவுல சாவி. பொண்ணைக் கட்டிக் குடுக்கற மாதிரிதான் குடுத்தா. தேன்மொழி ரெண்டு கையாலயும் வாங்கி, சாவியைக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "வா கண்ணு, நம்மூட்டுக்குப் போலாம்"னு சொல்லிக்கிட்டே பின்கதவைத் தொறந்து தலையை உள்ள விட்டா. அப்படியே நின்னா. சீட்டைத் தடவிப் பாத்தா. திரும்பி எங்களைப் பாத்து, "ஏனுங்க, பாப்பா எறங்கிட்டாளா?"ன்னு கேட்டா.

எங்களுக்கெல்லாம் தெரியுது, புள்ளை அவ தோளுக்குக் கீழதான் உக்காந்திருக்கா. அப்பத்தான் என் பக்கத்துல ஒரு சத்தம் கேட்டுச்சு, கன்னுக்குட்டி கத்தற மாதிரி ஒரு சத்தம். வசந்தாமணிதான். அவ கண்ணு அந்தச் சீட்டுலயே குத்திட்டு நின்னுச்சு. "என் சாமி... நீ இத்தனூண்டுதானா?"ன்னா.

நாச்சிமுத்துவும் பாத்துட்டான். அவன் பாஞ்சு போயி, "வண்டியக் குடுக்கலைங்க, மன்னிச்சுக்கோங்க, குடுக்கலைங்க"ன்னு கும்புட்டான். யுவராஜ் பயந்துட்டான், நமக்கெதுக்கு வம்புன்னு பேப்பரைக் கிழிச்சுப் போட்டு, சாவியை வாங்கி வசந்தாமணி கையில வெச்சான். சாவி அவ உள்ளங்கையில பட்டுச்சு, அவ்வளவுதான், "எங்க? எங்க போயிட்டா?"ன்னு அவ அலறுனா. புள்ளை அங்கயேதான் இருந்தா, எக்கி எக்கி அவளைக் கூப்புட்டுக்கிட்டு இருந்தா. தேன்மொழி, "இதோ இருக்காளேங்க!"ன்னு கைகாட்டுனா. அந்த ஒரு நொடியில ஊருக்கே வெளங்கிருச்சு. பெத்த கண்ணுமில்ல, பெறாத கண்ணுமில்ல. வண்டி யாருதோ, அவங்களுக்குத் தெரியாது. எத்தனை பேச்சுப் பேசுனோம் அந்தப் பொம்பளையை! பின்னால நின்னவளுங்க ஒவ்வொருத்தியா முந்தானையை வாயில அமுக்கிக்கிட்டாங்க.

வசந்தாமணி கையில இருந்த சாவியைப் பாத்தா. நெருப்பைப் புடிச்சவ மாதிரி அதைத் தேன்மொழி கையில போட்டுட்டா. "நீங்களே வெச்சுக்கோங்க. வண்டி உங்களது. எனக்கு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்"னு சொல்லிக்கிட்டே நிமுந்து பாத்தா, பாத்த மாத்திரத்துல அவ மூஞ்சியே வேற ஆயிருச்சு. புள்ளையும் அவளைப் பாத்தா. இத்தனை நாளா யாரு பாத்தும் திரும்பாத நெறம் அந்தக் கவுனுல அடியில இருந்து ஏறுறதை நான் என் கண்ணால பாத்தேன், வெளுப்பு போயி ரோஸாச்சு, ரோஸு செவப்பாச்சு.

நாச்சிமுத்து, "இரு வசந்தா, யோசிப்போம்"னான். அவ காதுல விழல. குனிஞ்சு, காலை மடக்கிப் பின்சீட்டுல ஏறுனா, புள்ளையைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டா, கதவைச் சாத்திக்கிட்டா. புள்ளை அவ கழுத்தைக் கட்டிக்கிச்சு. உள்ள அவ என்னமோ பேசுறா, வாயி அசையுது, எங்களுக்குச் சத்தம் வரல. நான் ஓடிப்போயிக் கண்ணாடியைத் தட்டுனேன், "அம்மிணி, எறங்கு அம்மிணி"ன்னு தட்டுனேன். அவ திரும்பவே இல்ல, அவளுக்குப் பாக்கறதுக்கு வேற இருந்துச்சு.

யுவராஜ் ஸ்டீரிங்ல உக்காந்து கண்ணாடியைச் சரி பண்ணுனான், திரும்பிப் பின்னால பாத்தான். தேன்மொழியும் பாத்தா. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அவன் ஜன்னலை எறக்கி, "ஏனுங்க, அந்தம்மா இப்பத்தான ஏறுனாங்க, எங்க போனாங்க? எறங்கிட்டாங்களா?"ன்னு கேட்டான்.

பின்சீட்டுல ரெண்டு பேரும் எங்களுக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சாங்க, கன்னத்தோட கன்னம் வெச்சுக்கிட்டு.

நாச்சிமுத்து கார்கிட்டப் போனான். பின்கண்ணாடியில கையை வெச்சுக்கிட்டு, உள்ள இருக்கறவளை நல்லாப் பாத்தான். அப்பறம் முன்னால போயி, துண்டால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு யுவராஜ்கிட்டச் சொன்னான்.

"எறங்கிட்டாங்க. நீங்க பாத்து ஓட்டிட்டுப் போங்க."